திரை இருண்டால் மானிட்டரைத் தூக்கி எறிய வேண்டுமா?

செலவைக் குறைக்க, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பழைய எல்சிடி மானிட்டரை செகண்ட் ஹேண்டில் வாங்குவதுண்டு. ஒருநாள் அது இரண்டு நொடி ஒளிர்ந்து இருண்டுவிடும். பவர் விளக்கு மட்டும் எரியும். "பேனல் போச்சு, புதுசு வாங்குங்க" என்பார் மெக்கானிக். உடனே தலையாட்டாதீர்கள்.

அறையை இருட்டாக்கி, திரையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். டெஸ்க்டாப் மங்கலாகத் தெரிகிறதா? அப்படியானால் பேனல் வேலை செய்கிறது. பின்னால் வெளிச்சம் தரும் குழல் விளக்கோ, அதை எரியவைக்கும் இன்வெர்ட்டரோதான் போயிருக்கும். டியூப்லைட்டுக்கு சோக் எப்படியோ, இந்த விளக்குக்கு இன்வெர்ட்டர் அப்படி. (பவர் கட்டுக்கு வைத்திருக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் வேறு!) பல நேரம் போர்டில் ஒரு கெபாசிட்டர் உப்பியிருக்கும், அவ்வளவுதான். அதன் விலை மிகக் குறைவு. கூலிதான் செலவு.

ஆனால் நீங்களே திறக்காதீர்கள். இன்வெர்ட்டர் பல நூறு வோல்ட் தரும்; குழலுக்குள் பாதரசம் வேறு. நாட்டரசன்கோட்டை வாசகர்கள் சிவகங்கைக்கோ காரைக்குடிக்கோ கொண்டுபோய், டார்ச் சோதனையை மெக்கானிக் கண்ணெதிரே செய்து காட்டுங்கள். அப்புறம் கூலி பேசுங்கள். போர்டையே மாற்றுவதானால் விளக்குகளின் எண்ணிக்கை பொருந்த வேண்டும்.

மொத்தச் செலவு புது மானிட்டர் விலையில் பாதியைத் தாண்டினால் எல்இடி வாங்குவதே மேல். அதில் இந்த இன்வெர்ட்டரே கிடையாது.