நிற்கும் இடம் அறிவோம்!

ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு இருக்க முடியுமா? முடியாது என்போம். ஆனால் ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருக்க முடியும். நம் பள்ளிக் கணினி அறையில் நாள்தோறும் நாம் காணும் காட்சி அது. மேசைமேல் இருப்பது ஒரே பெட்டி, ஒரே திரை, ஒரே விசைப்பலகை. அதில் ஓடுவது விண்டோஸ். அந்த விண்டோஸில் ஒரு சாளரத்தைத் திறக்கிறோம். அச்சாளரத்துக்குள் உபுண்டு லினக்ஸ் என்னும் வேறோர் இயக்க முறைமை, தனக்கென்று நினைவகம், தனக்கென்று வட்டு, தனக்கென்று கடவுச்சொல் எல்லாம் வைத்துக்கொண்டு ஓடுகிறது. இதற்கு மெய்நிகர் கணினி என்று பெயர்.

இடம் கொடுக்கும் கணினியை ‘ஹோஸ்ட்’ என்பர். அதாவது விருந்து ஓம்புபவர். உள்ளே தங்கும் அமைப்பைக் ‘கெஸ்ட்’ என்பர், அதாவது விருந்தினர். விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்த திருக்குறளைப் படித்து வளரும் நமக்கு இவ்வுறவு புதிதன்று. நம் இல்லத்தில் வீட்டார் யார், விருந்தினர் யார் என்பதில் நமக்கு ஐயம் எழுவதே இல்லை. கணினித் திரைக்கு முன் அமர்ந்தால் மட்டும் அந்தத் தெளிவு நம்மை விட்டுப் போய்விடுகிறது. அதனால் வந்த ஒரு துன்பத்தையும், அதிலிருந்து நான் கொண்ட கருத்தையும் இங்கே எழுத விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு நான் பதினோராம் வகுப்பில் படித்தேன். ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகளைத் தொகுக்கும் பொறுப்பு எங்கள் நால்வருக்குக் கிடைத்தது. தட்டச்சுச் செய்த கட்டுரைகளையும் விழாக்களில் எடுத்த புகைப்படங்களையும் விண்டோஸில் ‘மலர்’ என்ற ஒரு கோப்புறையில் சேர்த்து வந்தோம். புகைப்படங்களை உபுண்டுவில் இருந்த ஜிம்ப் மென்பொருளால் சீர்செய்வதற்காக, அந்தக் கோப்புறையை இரு கணினிகளுக்கும் பொதுவாக்கி வைத்தேன். வேலை முடிந்த பிறகும் அந்த ஏற்பாட்டை நான் நீக்கவில்லை. என் முதல் தவறு அதுதான்.

மறு வாரம் செய்முறை வகுப்பு. லினக்ஸில் கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் கற்றுக்கொண்டிருந்தோம். “அஞ்சாமல் அழித்துப் பாருங்கள். காலையிலேயே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். என்ன ஆனாலும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடலாம்” என்றார் எங்கள் ஆசிரியை. அவர் சொன்னதில் பிழை இல்லை. மெய்நிகர் கணினியின் பெரும் பயன்களுள் ஒன்று அதுவே. நானோ வசதிக்காக உபுண்டுவைத் திரை முழுவதும் விரித்து வைத்திருந்தேன். விண்டோஸின் சுவடு ஒரு விரல் அளவுகூடக் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்ட கோப்புறைகளை எல்லாம் உற்சாகமாக அழித்துக்கொண்டே போனேன். அவற்றுள் ‘மலர்’ கோப்புறையில் இருந்தவையும் போயின.

வகுப்பு முடிந்து ஆசிரியை ஸ்னாப்ஷாட்டை மீட்டார். உபுண்டு காலையில் இருந்தபடியே எழுந்து வந்தது. ‘மலர்’ மட்டும் வெறுமையாகவே இருந்தது. விண்டோஸின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தோம். அங்கும் ஒன்றும் இல்லை. செய்தி அறிந்து வந்த சிஸ்டர் என்னைக் கடிந்து பேசவில்லை. “எந்தக் கணினியிலம்மா அழித்தாய்?” என்று மட்டும் கேட்டார். வாய் திறந்தேன், பதில் வரவில்லை. எனக்கே தெரியாது என்பதுதான் உண்மை.

ஏன் இப்படி நேர்ந்தது? ஸ்னாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் வட்டு அந்நேரத்தில் இருந்த நிலையைக் காப்பது. பொதுவாக்கிய கோப்புறையோ அந்த வட்டில் இருப்பதில்லை. அது ஹோஸ்ட் கணினியின் வட்டிலேயே இருக்கிறது. உள்ளிருந்து அதற்கு ஒரு வழி மட்டும் திறந்து விடப்பட்டிருக்கிறது. அவ்வழியே கை நீட்டி அழித்தால் அழிவது வீட்டாரின் பொருளே. கட்டளை கொண்டு அப்படி அழிப்பது விண்டோஸின் குப்பைத்தொட்டிக்கும் செல்வதில்லை. இவை யாவும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. முன்பே தெரிந்திருந்தாலும், நான் நிற்கும் இடம் எனக்குத் தெரியாத வரையில் அந்த அறிவு உதவியிருக்காது.

இனி என் கருத்துக்கு வருகிறேன். கற்கும் நிலையில் உள்ள நாம், மெய்நிகர் கணினியைத் திரை முழுவதும் விரித்து வேலை செய்யக் கூடாது. ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு மாறும்போது, ‘இப்போது மாறுகிறேன்’ என்பது நமக்குத் தெரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாசற்படி இருக்க வேண்டும். அந்தப் படியை அகற்றுவதே முன்னேற்றம் என்று நினைப்பது தவறு.

இது புதிய கவலையா என்று பார்த்தால், இல்லை. மெய்நிகர் கணினி என்னும் எண்ணம் நம் பெற்றோரின் இளமைக்கும் முந்தியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வு நிலையத்தில், சி.பி.-40 என்னும் அமைப்பு 1967ஆம் ஆண்டிலேயே செயல்பட்டது. ஒரே பெரிய கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டாலும், ஒவ்வொருவருக்கும் தமக்கென ஒரு முழுக் கணினி இருப்பதுபோல் அது தோற்றம் தந்தது. அதன் வழியில் 1972ஆம் ஆண்டு வி.எம்./370 என்னும் அமைப்பை ஐ.பி.எம். அறிவித்தது.

அந்த அமைப்பில் வேலை செய்தவர்களுக்கும் நம்முடைய இதே கேள்வி எழுந்திருக்கும்: ‘நான் தட்டும் கட்டளை யாரைச் சேரும்? கட்டுப்பாட்டு நிரலையா, என் மெய்நிகர் கணினியையா?’ அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. திரையின் கீழ் வலது மூலையில் ஒரு சிறு குறிப்பு நிற்கும். ‘சி.பி. ரீட்’ என்று இருந்தால் கட்டுப்பாட்டு நிரல் கட்டளைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். ‘வி.எம். ரீட்’ என்று இருந்தால் மெய்நிகர் கணினி காத்திருக்கிறது என்று பொருள். இரண்டே சொற்கள்! ஆயினும் பணியாளர் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை அவை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தன.

இன்று நிலைமை என்ன? 1999ஆம் ஆண்டு விஎம்வேர் நிறுவனம் மெய்நிகர் கணினியைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007ஆம் ஆண்டு வெர்ச்சுவல்பாக்ஸ் திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. இவற்றுக்கும் வாசற்படி உண்டு. வெர்ச்சுவல்பாக்ஸில் வலப்பக்கக் கண்ட்ரோல் விசையை அழுத்தினால் விசைப்பலகையும் சுட்டியும் ஹோஸ்ட் கணினிக்குத் திரும்பிவிடும். விஎம்வேரில் கண்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். வெர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அந்த விசையின் பெயரும், விசைப்பலகை யார் வசம் இருக்கிறது என்பதைக் காட்டும் ஒரு சிறு அம்புக்குறியும் அங்கே இருக்கும். அன்றைய ‘சி.பி. ரீட்’ இருந்த அதே மூலை! ஆனால் திரை முழுவதும் விரித்துவிட்டால் அந்தப் பட்டை மறைந்துவிடுகிறது. வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வழி தவறிப்போனோம் என்று வருந்துவதில் பயன் உண்டோ?

இரு கணினிகளும் வெவ்வேறானவை என்பதற்குச் சில அடையாளங்களை நாமே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்து வைத்துவிட்டு உபுண்டுவுக்குள் சென்று தட்டிப் பாருங்கள். அங்கேயும் தமிழைத் தேர்ந்து வைக்காவிட்டால் ஆங்கிலமே விழும். ஹோஸ்ட் கணினி உள்ளே அனுப்புவது எழுத்தை அன்று. எந்த விசை அழுத்தப்பட்டது என்னும் செய்தியை மட்டுமே. இன்னொன்று, கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், நாம் உள்ளே இருந்தாலும் எழுந்து வருவது வெளியே உள்ள விண்டோஸ்தான். வீட்டின் தலைவாசல் சாவியை விருந்தினரிடம் கொடுப்பதில்லை அல்லவா? அதுபோல.

என் கருத்தை மறுப்போரும் உண்டு. “சிறிய சாளரத்தில் எழுத்துத் தெரியவில்லை. விசையை அழுத்தி அழுத்தி மாறுவது தொல்லை. சுட்டி தானாக உள்ளேயும் வெளியேயும் போக வழி இருக்கும்போது, இங்கே நகலெடுத்து அங்கே ஒட்ட வசதி இருக்கும்போது, அதைப் பயன்படுத்தாதது அறிவீனம்” என்று என் வகுப்புத் தோழி ஒருத்தி வாதிடுகிறாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அனுபவம் மிக்க பொறியாளர் அவ்வாறு செய்யலாம். சமையலில் தேர்ந்த தாய் உப்பை அளக்காமல் போடுகிறாள். முதல் நாள் அடுப்படியில் நிற்கும் மகள் அப்படிப் போட்டால் என்ன ஆகும்? மேலும், வசதி ஒவ்வொன்றும் சுவரில் ஒரு கதவு. வெர்ச்சுவல்பாக்ஸில் நகலெடுத்து ஒட்டும் அந்த வசதி முதலில் மூடியே இருக்கிறது. வேண்டுமானால் ஒரு திசையில் மட்டும் திறக்கலாம், இரு திசையிலும் திறக்கலாம். திறக்கும் உரிமை நமக்கு இருப்பதுபோல, வேலை முடிந்ததும் மூடும் கடமையும் நமக்கு உண்டு.

பெற்றோர் சிலர் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: “இவ்வளவு ஆபத்து என்றால் மெய்நிகர் கணினியே வேண்டாமே? லினக்ஸைத் தனியாக நிறுவிக் கொள்ளலாமே?” அப்படி நிறுவலாம். ஆனால் ஒவ்வொரு முறை மாறுவதற்கும் கணினியை நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். நிறுவும்போது வட்டைப் பிரிப்பதில் கை தவறினால் வீட்டில் உள்ள அத்தனை கோப்புகளும் போகலாம். தவறு செய்து கற்பதற்கு மெய்நிகர் கணினியைப்போல் பாதுகாப்பான இடம் கிடையாது. ஆகவே நான் கதவுகளைப் பற்றித்தான் பேசுகிறேன். வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. உள்ளே இருக்கிறோம் என்ற துணிவில் தெரியாத மென்பொருள்களை நிறுவிப் பார்க்கும் அண்ணன் தம்பிகள் இருக்கும் இல்லங்களில், பெற்றோர் இதையும் நினைவில் கொள்வது நல்லது: எழுதும் உரிமையோடு பொதுவாக்கிய கோப்புறை இருந்தால், உள்ளே புகுந்த கேடு அவ்வழியே குடும்பப் புகைப்படங்களையும் தொட்டுவிடும்.

ஆகவே நம் கணினி அறைக்காக நான் வேண்டுவன சில. முதலாவதாக, மெய்நிகர் கணினி எப்போதும் சாளரத்திலேயே ஓடட்டும்; சுற்றிலும் விண்டோஸ் சிறிதேனும் தெரியட்டும். இரண்டாவதாக, இரண்டின் பின்புலப் படமும் வெவ்வேறு நிறத்தில் இருக்கட்டும். பார்த்தவுடன் இடம் தெரியும். மூன்றாவதாக, பொதுக் கோப்புறை தேவையெனில் அதைப் ‘படிக்க மட்டும்’ என்று அமைத்துக் கொள்வோம். எழுதும் உரிமை தேவைப்பட்டால் வேலை முடிந்த அன்றே அதை நீக்குவோம். நான்காவதாக, எதையும் அழிக்குமுன், விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ‘நான் எங்கே நிற்கிறேன்?’ என்று ஒரு முறை கேட்டுக் கொள்வோம். இவற்றுக்குப் பணச் செலவு இல்லை. சிறிது பொறுமைதான் செலவு.

அன்று அழிந்த கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கையெழுத்துப் படிகள் இருந்தன. நாங்கள் நால்வரும் மாலை வேளைகளில் இருந்து மீண்டும் தட்டச்சுச் செய்து முடித்தோம். ஒன்றுக்கு மட்டும் படி இல்லை. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றித் தானே கணினியில் அமர்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிய கட்டுரை அது. அவள் எழுதிய முதல் கட்டுரையும் அதுவே. நடந்ததைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் அழவில்லை. மறுபடியும் அமர்ந்து எழுதித் தந்தாள். தரும்போது, “அக்கா, முதலில் எழுதியதுதான் நன்றாக இருந்தது. அதில் இருந்ததெல்லாம் இப்போது எனக்கு நினைவு வரவில்லை” என்றாள்.

சென்ற ஆண்டு மலரில் வெளிவந்தது அந்த இரண்டாம் கட்டுரை. படித்தவர்கள் பாராட்டினார்கள். முதற் கட்டுரையை இனி யாரும் படிக்கப் போவதில்லை. எந்த ஸ்னாப்ஷாட்டாலும் அதை மீட்க இயலாது.

தோழியரே! இவ்வாண்டும் மலருக்கான கட்டுரைகள் அதே கணினியில்தான் சேர்ந்தன. திரையின் ஓரத்தில் விண்டோஸ் தெரிகிறதா என்று பார்த்துவிட்டே நான் ஒவ்வொரு நாளும் வேலையைத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு அந்த இருக்கையில் அமரப் போகிறவர்கள் நீங்கள். விசையில் கை வைக்குமுன் நிற்கும் இடத்தை அறிந்து கொள்ளுங்கள். உங்களை நம்பித் தன் முதல் கட்டுரையைக் கொடுத்திருப்பாள் ஒரு தங்கை.