சலூனுக்குள் ஒரு மருந்து அறை

பட்டாசு விபத்து என்றால் என்னவென்று விருதுநகர் மாவட்டத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேர் இறந்ததை ராஜபாளையத்துக்காரர்களும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அதே ஊர்களின் கடைவீதியில் இருக்கும் சலூனுக்கும் பியூட்டி பார்லருக்கும் போகிறவர்கள், கண்ணாடிக்கு முன்னால் வரிசையாக நிற்கும் டப்பாக்களும் ஒரு வகை 'மருந்து'தான் என்று நினைப்பதில்லை.

ஹேர் ஸ்பிரேயை டப்பாவிலிருந்து வெளியே தள்ளுவது பெரும்பாலும் சமையல் காஸ் வகையைச் சேர்ந்த வாயுதான். ஒரே வித்தியாசம், அடுப்பு காஸில் கசிவு தெரியட்டும் என்று நாற்றம் சேர்க்கிறார்கள். இதில் வாசனை சேர்க்கிறார்கள்! இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோரம் படியும். சாயங்காலம் கடைக்குச் சாம்பிராணி போடும்போது கங்கு இருப்பதும் அதே தரையோரம்தான்.

நகப்பூச்சைத் துடைக்கும் அசிட்டோன் இன்னும் மோசம். மைனஸ் 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். ராஜபாளையத்துச் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ஏசிக்காகக் கதவு, ஜன்னல் எல்லாம் மூடிய அறை, திறந்த பாட்டில், நனைந்த பஞ்சு நிறைந்த பிளாஸ்டிக் கூடை, பக்கத்திலேயே 200 டிகிரிக்குச் சூடாகும் ஸ்ட்ரெய்ட்னர்... யோசித்துப் பாருங்கள். நாற்காலியில் இருப்பவரின் கழுத்தில் நைலான் துணி இறுக்கிக் கட்டியிருக்கும். அவசரத்தில் முடிச்சு அவிழாது.

இது போதாதென்று தலையிலேயே தீ வைக்கும் 'ஃபயர் கட்' வேறு. 2022 அக்டோபரில் குஜராத்தின் வாபியில் இப்படி முடி வெட்டிக்கொள்ளப் போன 18 வயது இளைஞருக்குக் கழுத்திலும் மார்பிலும் தீக்காயம். தீ, சீப்பின் பேச்சைக் கேட்காது என்பது வீடியோவில் தெரிவதில்லை. இதை ஒரு ஸ்டைல் என்று சொல்வதே தவறு. எந்தக் கடையும் செய்யக் கூடாது.

மற்றவற்றுக்குப் பெரிய செலவில்லை. பட்டாசு ஆலையில் ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, அளவுக்கு மேல் மருந்து வைக்கக் கூடாது என்று விதி உண்டு. (மீறும்போதுதான் பல உயிர்கள் போகின்றன.) அந்தக் கணக்கு சலூனுக்கும் பொருந்தும். அன்றைய தேவைக்கு மட்டும் மேஜையில், மிச்சம் வெயிலும் சூடும் படாத அலமாரியில். பஞ்சுக்கு மூடி போட்ட தகரக் கூடை. சாமி விளக்கும் சாம்பிராணியும் ஸ்பிரே அடிக்காத நேரத்தில், ஜன்னலைத் திறந்துவிட்டு. வாசல் பக்கம் ஒரு தீயணைப்பான். அதை எப்படி இயக்குவது என்று நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் சொல்லித் தர வேண்டும். தீக்காயம் பட்டால் பற்பசை, இங்க் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கல்யாண மேக்கப்பில்தான் யாருக்கும் பயமே இருப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கொண்டைக்கு ஆசைப்படாத மணப்பெண் உண்டா? அது கலையாமல் நிற்க ஒட்டுமுடி, மேலே கணக்கில்லாமல் ஸ்பிரே. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு என்று ஈரம் காயும் முன்பே மணமேடைக்கு அழைத்துப்போகிறார்கள். எதிரே ஹோமம், அப்புறம் கற்பூர ஆரத்தி. ஒட்டுமுடி நைலானாக இருந்தால் எரிவதோடு உருகித் தோலிலும் ஒட்டிக்கொள்ளும். அலங்காரம் செய்பவர் ஸ்பிரேயை முன்னதாகவே அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பெண்ணை எழுந்திருக்கவிட வேண்டும், வாசலில் மாப்பிள்ளை வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.