முந்நூறு ரூபாய் பார்சலுக்கு யார் வரி கட்டுவது?

“முந்நூறு ரூபாய் சாமானுக்குக்கூட வரியா? பெரிய ஆட்களை விட்டுவிட்டு நம்மைப் பிடிக்கிறார்கள்.” வெளிநாட்டு இணையக் கடைகளில் வாங்கும் சில்லறைப் பொருட்களின் வரி பற்றிப் பேச்சு வந்தால், மயிலாப்பூர் காபிக் கடையிலும் அடையாறு அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவிலும் கேட்கும் வசனம் இது. படித்தவர்கள் சொல்கிறார்கள். சாமானியர்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்களும் சொல்கிறார்கள். சின்னத் தொகைக்கு வரி கேட்காமல் இருப்பது சாமானியனுக்குச் செய்யும் சலுகை என்பது இவர்கள் நம்பிக்கை. அது தவறு. அந்தச் சலுகைக்கான விலையை இன்னொரு சாமானியன்தான் கொடுக்கிறான்.

சுங்கவரி வேறு, விற்பனை வரி வேறு. சுங்கவரி வெளிநாட்டுச் சரக்கின்மேல் மட்டும் விழுவது. அது கூடுதலா குறைவா என்று வாதாட நிறைய இடம் உண்டு. விற்பனை வரி, அதாவது இன்றைய ஜிஎஸ்டி, பாண்டி பஜாரில் வாங்கினாலும் நாம் கொடுப்பது. வெளிநாட்டுப் பார்சலுக்கு மட்டும் அதை விட்டுக்கொடுத்தால், பாண்டி பஜார் கடைக்காரர் மட்டும் அந்த வரியைச் சுமந்துகொண்டு வியாபாரம் செய்ய வேண்டும். ஒரே பொருளை விற்கும் இருவரில் ஒருவரிடம் மட்டும் வரி வாங்குவதை எந்தக் கணக்கில் நியாயம் என்பது?

கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் நாட்டியச் சாமான் விற்கும் சின்னக் கடைகளைப் பார்த்தால் இது விளங்கும். நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை எல்லாம் ஒரு பக்கம். கம்மல், கிளிப், வளையல் இன்னொரு பக்கம். மார்கழி சீசனுக்கு முன்னால் அம்மாக்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கம்மலைக் காதோரம் வைத்துப் பார்ப்பார்கள், நிறத்தை வெளிச்சத்தில் சரிபார்ப்பார்கள், பிறகு கைபேசியை எடுத்து ஒரு போட்டோ. “இதே ஆன்லைன்ல நூறு ரூபா கம்மியா இருக்கே?” கடைக்கார அம்மா கல்லாவிலிருந்து கொள்முதல் பில்லை எடுத்துக் காட்டியதை நான் பார்த்திருக்கிறேன். “இந்த விலைக்கு எனக்குக் கொள்முதலே ஆகாது மாமி. பாருங்கோ, வரி எவ்வளவு போட்டிருக்கான்னு.” பாரிமுனை மொத்த வியாபாரியிடம் வாங்கிய பில் அது. கம்மல் வந்ததும் சீனாவிலிருந்துதான். கன்டெய்னரில் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 2018 பட்ஜெட்டில் கவரிங் நகைகளுக்கான சுங்கவரி 15 சதவீதத்திலிருந்து 20 ஆக உயர்ந்தது. அதன்மேல் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி. நூறு ரூபாய்க் கம்மல் துறைமுகத்தைத் தாண்டும்போதே 125 ரூபாய்க்கு மேல். அதே ஆண்டில் அதே கம்மல் ஒற்றைப் பார்சலாக, மேலே “பரிசு” என்ற சீட்டோடு வந்தால் வரி சுத்தமாகக் கிடையாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பரிசுக்கு 5,000 ரூபாய் வரை சுங்கவரியும் இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை என்று விதி இருந்தது. சிங்கப்பூரில் இருக்கும் அக்கா தம்பி குழந்தைக்குச் சட்டை அனுப்புவதற்காக வைத்த வாசல். அந்த வாசல் வழியாக இணையக் கடைகளின் விற்பனைச் சரக்கு லட்சக்கணக்கில் உள்ளே வந்தது. பெரிய ஆர்டராக இருந்தால் இரண்டு மூன்று பார்சலாகப் பிரித்தால் போதும், ஒவ்வொன்றும் வரம்புக்குள் அடங்கிவிடும். பணம் கொடுத்து வாங்கியவருக்கு யார் பரிசு கொடுத்தது?

2019 டிசம்பர் 12 அன்று மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் இதை மூடியது. அஞ்சலிலோ கூரியரிலோ பரிசு என்று சொல்லி வரி கட்டாமல் பொருள் இறக்குமதி செய்யத் தடை. உயிர்காக்கும் மருந்துகளுக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டும் விதிவிலக்கு. பலர் இதையும் 2020 ஜூன் 29 அன்று கிளப் ஃபாக்டரி, ஷீஇன் உள்ளிட்ட 59 செயலிகள் தடைசெய்யப்பட்டதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். செயலித் தடை சீனாவுடனான கல்வான் மோதலுக்குப் பிறகு நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி வந்தது. வரி ஓட்டை அதற்கு ஆறு மாதம் முன்பே அடைபட்டுவிட்டது.

“சின்னக் கடைக்காரன் ஜிஎஸ்டியே கட்டுவதில்லையே, அவனுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாயைத் தாண்டாத பொருள் வியாபாரி பதிவு செய்ய வேண்டியதில்லை என்பது உண்மை. ஆனால் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போதே அவர் வரி கொடுத்துவிடுகிறார். பதிவு இல்லாததால் அந்தப் பணத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. முழுச் சுமையும் அவர் முதலிலேயே இறங்கிவிடுகிறது. வாடகை, மின்கட்டணம், உதவிக்கு நிற்கும் பெண்ணின் சம்பளம் எல்லாம் அதற்கு மேல்.

தொகை சின்னது என்பதை வைத்து விலக்குக் கொடுத்தால், விற்பவர் எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடுவார். பிரித்து அனுப்புவார், இல்லாவிட்டால் பில்லில் விலையைக் குறைத்து எழுதுவார். கன்டெய்னரில் வரவழைப்பவர்களும் இதற்கு விலக்கல்ல. கவரிங் நகைக்கு எவ்வளவு குறைத்துக் காட்டினாலும் கிலோவுக்குக் குறைந்தது 400 ரூபாய் வரி என்று 2022 பட்ஜெட்டில் வைக்க வேண்டிவந்ததே அதனால்தான்.

“அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியே இல்லை” என்பது நம்மவர்களின் நிரந்தர மேற்கோளாக இருந்தது. 2016-ல் அந்த வரம்பை 800 டாலராக உயர்த்தினார்கள். அதற்குள் அடங்கி வந்த பார்சல்கள் 2015-ல் சுமார் 14 கோடி; 2024-ல் 130 கோடிக்கும் மேல். முதலில் சீனப் பார்சல்களுக்கும், 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாட்டுப் பார்சல்களுக்கும் விலக்கு போய்விட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையிலேயே எடுத்துவிட்டது. சிங்கப்பூரில் 400 வெள்ளி வரையிலான விமானப் பார்சலுக்கு ஜிஎஸ்டி கிடையாது என்றிருந்தது; சிராங்கூன் சாலையில் மளிகை வாங்கினால் வரி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இல்லை. 2023 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் ஒரே வரி. மலேசியா அடுத்த ஆண்டு 500 ரிங்கிட் வரையிலான பார்சல்களுக்கு 10 சதவீதம் என்று கொண்டுவந்தது.

எதிர்த்தரப்பின் வாதங்களில் மதிக்கத்தக்கது ஒன்றுதான்: வசூலிக்கும் செலவு வரும் வரியைவிடக் கூடுதல். ஒவ்வொரு பார்சலையும் நிறுத்தி, பிரித்து, விலை மதிப்பிட்டு, ரசீது எழுதினால் அது உண்மைதான். ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையமே 2011-ல் இதைச் சொன்னது. ஆனால் அந்த நாடு அங்கேயே நின்றுவிடவில்லை. 2018 ஜூலை 1 முதல் ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருட்களுக்கு வெளிநாட்டு விற்பனைத் தளமே பணம் வாங்கும் இடத்தில் 10 சதவீதத்தைச் சேர்த்து வசூலித்துக் கட்ட வேண்டும் என்று செய்தது. பார்சலை யாரும் பிரிக்க வேண்டியதில்லை. கூரியர் பையன் வாசலில் நின்று சில்லறை கேட்க வேண்டியதும் இல்லை.

இப்படி ஓர் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை மயிலாப்பூரும் தி.நகரும் 2025-ல் நேரிலேயே பார்த்தன. பேத்திக்குப் பருப்புப் பொடியும் வடாமும் அனுப்பப் போன பாட்டிகளை அஞ்சலகம் திருப்பி அனுப்பியது. அமெரிக்கா விலக்கை எடுத்ததையொட்டி, ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல் துறை அந்த நாட்டுக்கான பார்சல்களை நிறுத்தியிருந்தது. இந்தியச் சரக்கின்மேல் அமெரிக்கா அப்போது போட்ட 50 சதவீதச் சுங்கம் அநியாயம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பார்சல் நின்றது அந்த வரியை யார் வசூலித்து யாரிடம் கட்டுவது என்று தெரியாததால். அனுப்பும் இடத்திலேயே முன்கூட்டி வசூலிக்கும் முறை வந்தவுடன், அதே வரி இருந்தும், அக்டோபர் 15-ல் சேவை மறுபடி தொடங்கிவிட்டது.

அதற்காக இன்றைய நம் விதிகளெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டையை அடைக்கப்போய், அக்கா உண்மையாகவே அனுப்பும் பரிசுக்கு இருந்த வரிவிலக்கையும் சேர்த்து எடுத்தது மிகை. சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் பொருளுக்கான சுங்க விகிதத்தை 20-லிருந்து 10 சதவீதமாகக் குறைப்பதாக 2026 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதை வரவேற்கிறேன், இன்னும் குறைத்தாலும் வரவேற்பேன். ஜிஎஸ்டியை மட்டும் ஒரு ரூபாய் சாமானுக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பணம். மாட வீதியில் வாங்கினால் வருகிறது.

வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து நம் வரியை எப்படி வாங்க முடியும் என்று கேட்பவர்கள் தங்கள் மாதச் சந்தாவை எடுத்துப் பார்க்கட்டும். இங்கே அலுவலகமே இல்லாத வெளிநாட்டு இணையச் சேவை நிறுவனங்கள்கூடப் பதிவு செய்து, நம்மைப் போன்ற தனிநபர் வாடிக்கையாளர்களிடம் 18 சதவீத ஜிஎஸ்டியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்பது 2017 ஜூலை முதல் சட்டம். சில நூறு ரூபாய்ச் சந்தாவுக்கும் அது உண்டு. சின்னத் தொகை என்று யாரும் விலக்குக் கேட்கவில்லை. படம் பார்க்கும் சந்தாவுக்கு வைத்த அந்தப் பதிவு முறையைக் கம்மலுக்கும் கிளிப்புக்கும் நீட்டச் சொல்லித்தான் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களை நாம் கேட்க வேண்டும்.