மரணாதார சங்கம் இருக்கிறது, பம்புக்கு ஏன் இல்லை?

தெஹியோவிட்ட, தெரணியகல, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எழுதுகிறோம். எங்களுக்குப் பதிவும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. வீட்டில் இழுப்பு நோயாளியை வைத்துப் பார்க்கிற சில குடும்பங்கள், இரண்டொரு ஆசிரியர்கள், கொழும்பில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள், அவ்வளவுதான்.

வயதானவர்களின் தீராத இருமலையும் இளைப்பையும் நாம் 'ஆஸ்துமா' என்று சொல்லி விட்டுவிடுகிறோம். ஆனால் அவர்களில் பலருடைய கிளினிக் கொப்பியில் இருப்பது சிஓபிடி என்கிற நாட்பட்ட சுவாச அடைப்பு நோய். 2021இல் மட்டும் உலகில் 35 இலட்சம் பேர் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பீடி, சிகரட் குடித்தவருக்குத்தான் வரும் என்பதும் இல்லை. புகையே பிடிக்காத நம் அம்மாமார், ஜன்னலில்லாத லயத்து அடுப்படியில் இறப்பர் விறகை ஊதி ஊதியே நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர்கள். கெட்டது பழையபடி ஆகாது. இன்ஹேலர் எனும் பம்பை ஒழுங்காக எடுத்தால் நடமாடலாம், வாட்டில் போய்ப் படுப்பது குறையும்.

பம்ப் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியிலிருந்து, கேட்டுப் போகும் நாளில் அது இருக்கும் என்று நம்பிப் போக முடிவதில்லை. கிளினிக் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போச்சு. பஸ் காசு, காத்திருப்பு, கடைசியில் கையில் 'வெளியே வாங்குங்கள்' என்று ஒரு துண்டு. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. இரண்டு மருந்து சேர்ந்த பம்ப் ஒன்றுக்கு அந்த ஒரு நாள் பேர் போதவில்லை. அதனால் என்ன செய்கிறார்கள்? இரண்டு இழுப்பு இழுக்க வேண்டிய இடத்தில் ஒன்று. டப்பாவைக் காதருகே ஆட்டிப் பார்த்து, "இன்னும் கிடக்கு" என்று இன்னொரு மாதம். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கிற வாயு சில நாள் பீய்ச்சும். அதில் மருந்து இருக்காது. 200 இழுப்பு உள்ள நீலப் பம்பை நாளுக்கு எட்டு இழுப்பு எடுத்தால் 25 நாளில் முடிந்துவிடும். தொடங்கிய திகதியைப் பேனாவால் டப்பாவிலேயே எழுதி வையுங்கள்.

அஸ்வெசுமவில் மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் முதியோருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. அது நியாயமே. பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும் நுரையீரல் நோயாளிக்கு மட்டும் ஏன் அப்படி ஒன்று இல்லை என்று நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் பாராளுமன்றத்தில் கேட்கட்டும். அதுவரை காத்திருக்க முடியாது.

தோட்டத்துக்குத் தோட்டம் மரணாதார சங்கம் வைத்திருக்கிறோம். சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்கும் காசு தயார். திருவிழாவுக்கும் சந்தா கட்டுகிறோம். அந்தச் சங்கங்களே மாதம் ஒரு சிறு தொகையைப் பம்புக்கென ஒதுக்கலாமே! நோயாளி உயிரோடிருக்கும்போது கொடுக்கிற காசு அல்லவா. யார் கையிலும் ரொக்கம் வேண்டாம். வைத்தியர் எழுதிய துண்டைப் பார்த்துப் பார்மசிக்கே கட்டுங்கள், பில்லைக் கோயில் சுவரில் ஒட்டுங்கள். நோயாளியின் பெயரை மறைத்துவிடுங்கள். கணக்குச் சண்டை எங்களுக்கும் தெரியும்.

'வெளியே வாங்குங்கள்' என்றதும் கடைக்கு ஓட வேண்டாம். மருந்து எப்போது வரும், பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறதா என்று மருந்தகத்தில் கேளுங்கள். இல்லாத மருந்தை உள்ளூரில் வாங்கிக் கொடுக்க ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு வழி உண்டு. பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதிக் கேட்டால் கவனிப்பார்கள். அதற்கும் பிறகுதான் அரச மருந்துக் கடையான ஒசுசல. புறக்கோட்டைப் பக்கம் வேலை செய்கிற தம்பி தங்கைகளே, நீங்கள் ஒசுசலவில் விசாரித்து வாங்கி, ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் இங்கே ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் பேர் மிஞ்சும்.

ஆசிரியர்களிடம் கேட்பது: கொப்பியில் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். எது தினமும், எது அவசரத்துக்கு, எதற்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது போதும். பம்பில் பொருத்தி மூச்சிழுக்கும் ஸ்பேசர் குழாயை வாங்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி. அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாக நுழையும்படி துளையிட்டு ஒட்டினால் அதுவும் வேலை செய்யும். தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் ஆஸ்துமாப் பிள்ளைகளிடம் சோதித்து, 1999இல் லான்செட் இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். செய்ததைக் கிளினிக் தாதியிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பாவியுங்கள்.

வெளிநாட்டிலிருக்கும் உறவுகள் பாதி தீர்ந்த பம்ப்களை அனுப்ப வேண்டாம். ஒரு நோயாளியின் மூன்று மாதப் பில்லைப் பொறுப்பேற்றால் அதுவே பெரிய உதவி. உதடு நீலமாகி, பேசமுடியாமல் மூச்சு திணறினால் சங்கத்தையோ எங்களையோ தேடாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தலைவர்மாரே, அடுத்த சந்தாக் கூட்டத்தில் இதை முதல் விஷயமாக எடுங்கள். திருவிழாக் கணக்கு அதற்குப் பிறகு இருக்கட்டும்.