மின்சார கேரவன்: தேவை காட்டில் அல்ல, சாலையோரத்தில்

புதுதில்லி: மின்கம்பி எட்டாத மலையடிவாரத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டு, டீசல் செலவின்றித் திரும்பலாம் என்பதே மின்சார கேரவன்களின் கவர்ச்சி. கணக்கிட்டுப் பார்த்தால் இதில் பாதி மட்டுமே உண்மை.

மாம்பழச் சந்தைக்குப் பெயர்பெற்ற பங்காருபாளையத்தைத் தாண்டினால், பலமனேரை நோக்கி மொகிலி மலைச்சாலை ஏறுகிறது. அப்பால் இருப்பது யானைகள் நடமாடும் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம். 3 டன் எடையுள்ள கேரவனை 300 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற மட்டும் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம் தேவை. சமதளத்தில் 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 25 யூனிட் செலவாகும்.

கூரையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடுகளைப் பொருத்தினால், நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 4 யூனிட் கிடைக்கும். விளக்கு, மின்விசிறி, சிறிய குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றுக்கு இது தாராளம். ஆனால், வண்டியை ஓட்ட இதைப் பயன்படுத்தினால் 16 கி.மீ.யில் தீர்ந்துவிடும். எனவே, தங்குவதற்கு வெயில் போதும்; போய்த் திரும்புவதற்கு மின்வாரிய இணைப்பைத்தான் நம்ப வேண்டும்.

இந்த வேறுபாடு அரசின் திட்டங்களில் போதிய அளவு இடம்பெறவில்லை. நெடுஞ்சாலைகளின் இருபுறமும் 25 கி.மீ.க்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என மத்திய மின்துறை அமைச்சகம் 2022-இல் வழிகாட்டு நெறிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ரூ.10,900 கோடி மதிப்பிலான 'பிஎம் இ-டிரைவ்' திட்டத்தில் ரூ.2,000 கோடி பொது சார்ஜிங் நிலையங்களுக்கு ஒதுக்கப்பட்டது. நகரங்களும் நெடுஞ்சாலைகளுமே இவற்றின் முதன்மை இலக்கு. கேரவன் பயணியோ பிரதான சாலையை விட்டு விலகிச் செல்பவர். கேரளம் 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. ஆனால், சுற்றுலா ஒரு துறையிடமும், மின்சாரம் மற்றொரு துறையிடமும் உள்ளன.

தீர்வுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சாதாரண 15 ஆம்பியர் இணைப்பில் 10 மணி நேரம் நிறுத்தினால் சுமார் 30 யூனிட் ஏறும், 100 கி.மீ.க்கு மேல் ஓடலாம். மின்வாகனங்களுக்கு சார்ஜ் செய்து கொடுப்பது மின் விற்பனை அல்ல, சேவையே. அதற்கு உரிமம் தேவையில்லை என மின்துறை அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, சாலையோர விடுதிக்காரரும் இத்தொழிலில் இறங்கலாம்.

வசதி படைத்தோரின் உல்லாசப் பயணத்துக்கு மக்கள் வரிப்பணமா என்ற கேள்வி எழுவது நியாயமே. ஆனால், கேரவனுக்கு அமைக்கப்படும் அதே இணைப்பு, மாங்காய் ஏற்றி வரும் மின்சார சரக்கு ஆட்டோவுக்கும் பயன்படும். அது சந்தையின் வாயிலுக்கு வருமா, சுங்கச்சாவடியோடு நின்றுவிடுமா என்பதில்தான் அரசின் முன்னுரிமை தெரியும்.