ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி பொட்டியோட பேரைப் பாருங்க!



எங்களைப் போல பி.காம் சி.ஏ. படிக்கிறவர்களுக்கு டேட்டாபேஸும் ஒரு பேப்பர். லேபில் கிடைக்கிற நேரம் போதாது, அதனால் வீட்டு லேப்டாப்பிலும் அந்த மென்பொருளை ஏற்றிப் பழக வேண்டியிருக்கிறது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. "ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று ஒரு வரி வந்து நிற்கும். உடனே நாம் என்ன செய்கிறோம்? அன்இன்ஸ்டால். மறுபடி இன்ஸ்டால். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குக் கொண்டுபோய் ஃபார்மட்.

இந்தக் கடைசி வைத்தியம் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. எனக்குக் காசு மட்டும் போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கொசுவத்தியைக் கொஞ்சம் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டாம் வருஷம் படிக்கும்போது நடந்தது. டேட்டாபேஸை ஏற்றினேன், நன்றாக ஓடியது. ஒரு வாரம் கழித்து, அண்ணன் கொடுத்த லேப்டாப்பில் இன்னும் அண்ணன் பேரே இருக்கிறதே என்று கம்ப்யூட்டர் பெயரை என் பெயருக்கு மாற்றினேன். ரீஸ்டார்ட். அவ்வளவுதான், டேட்டாபேஸ் திறக்கவில்லை. நான் பேர் மாற்றியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலும் தோன்றவில்லை. இரண்டு முறை அன்இன்ஸ்டால் செய்து ஏற்றியும் அதே வரி. பழைய செட்டிங்ஸ் ஃபோல்டர் அழியாமல் கிடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் மறுநாள் பிராக்டிகல் என்ற பயத்தில் கடைக்கு ஓடினேன். கடை அண்ணன் "ஃபார்மட் போட்டா சரியாயிடும் தம்பி, டி டிரைவ்ல இருக்கிறது போகாது" என்றார். 500 ரூபாய். சொன்னபடியே சரியாகிவிட்டது.

ஆனால் அம்மாவின் சீட்டுக் கணக்கு டி டிரைவில் இல்லை, டெஸ்க்டாப்பில் இருந்தது.

20 பேர், மாதம் 2,000 ரூபாய் சீட்டு. பதினோராவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் எழுதி வந்த அம்மாவிடம், "நான் எக்செல்லில் போட்டுத் தர்றேன்" என்று பெருமையாக வாங்கிக்கொண்டவன் நான்தான். இரண்டு நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய், யார் எந்த மாதம் கட்டினார்கள், யார் பாக்கி என்று கேட்டு எழுதினோம். ஒரு அக்கா ஒரு மாதப் பணத்தைக் கட்டிவிட்டேன் என்றார், அம்மாவுக்கு வாங்கிய ஞாபகம் இல்லை. காட்ட எதுவும் கையில் இல்லை. அம்மா பேசாமல் தன் பணத்திலிருந்து 2,000 போட்டார். திரும்பி வரும்போது, "நான் நோட்டுலயே எழுதியிருப்பேன்டா" என்று மட்டும் சொன்னார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உண்மையில் என்னதான் நடந்தது?

இந்த வகை மென்பொருள்கள் பலவற்றில், வாசலில் உட்கார்ந்து வருகிறவரை உள்ளே அனுப்பும் வாட்ச்மேன் மாதிரி ஒரு நிரல் இருக்கும். அதன் பேர் லிசனர். இன்ஸ்டால் ஆகும்போது, "இந்தப் பொட்டியின் பேர் என்ன?" என்று கேட்டு ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு முறையும் அந்தப் பேரைச் சொல்லி, "இதற்கு ஐபி முகவரி என்ன?" என்று விண்டோஸைக் கேட்கும். நாம் நடுவில் பேரை மாற்றினால் அந்தக் கோப்பில் பழைய பேர்தான் இருக்கும். ரேஷன் கார்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர் என்று வைத்துக்கொண்டு கவுண்டரில் நிற்பது போலத்தான். நிற்பது நீங்கள்தான், ஆனாலும் "அப்படி ஒருத்தர் இல்லை" என்பார்கள்.

இந்தப் பேர்ப் பிரச்சினை இன்று நேற்று வந்ததல்ல. அர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கணினிகளின் பேரும் ஒரே கோப்பில் இருந்தது. கணினிகள் பெருகப் பெருக அது தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வடிவமைத்தார். அந்தப் பழைய கோப்பின் வாரிசு இன்னமும் நம் பொட்டியில், சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்ற இடத்தில், ஹோஸ்ட்ஸ் என்ற பேரில் இருக்கிறது. பேருக்கு எழுத்து, எண், நடுவில் ஹைபன் மட்டும்தான் என்ற விதியும் 1980களிலேயே வந்துவிட்டது. அண்டர்ஸ்கோர், இடைவெளி எல்லாம் வைத்து அழகு பார்க்க வேண்டாம்.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஹோஸ்ட்நேம்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். இப்போதைய பேர் வரும்.

2. 'பிங்' போட்டு அந்தப் பேரைக் கொடுங்கள். சம்பந்தமில்லாத முகவரியைக் காட்டினால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் பழைய வரி ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

3. லிசனர் கோப்பைத் திறந்து ஹோஸ்ட் என்ற இடத்தில் இருக்கும் பேரை ஒப்பிடுங்கள். ஆரக்கிளில் அந்தக் கோப்பின் பேர் லிசனர்.ஓரா. கை வைப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேவ் ஆகும்.

4. பேரைத் திருத்திவிட்டு சர்வீசஸில் போய் லிசனரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். இணைப்புக்கென்று தனிக் கோப்பு இருந்தால் அதிலும் பழைய பேர் இருக்கும், அதையும் மாற்றுங்கள். வீட்டில் தனியாகப் பழகுகிறவர்கள் பேருக்குப் பதில் லோக்கல்ஹோஸ்ட் என்றே போடலாம். 127.0.0.1 என்பது எப்போதும் நம் பொட்டியேதான். பிறகு எத்தனை முறை பேர் மாற்றினாலும் கவலையில்லை.

போன மாதம் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு இதே வரி வந்தது. அவனும் கடைக்குக் கிளம்பிவிட்டான். உட்காரவைத்து கோப்பைத் திறந்தேன். ஒரே ஒரு சொல்தான் மாற வேண்டியிருந்தது, ஐந்து நிமிஷம். அவனுக்குச் சந்தோஷம். எனக்கு அந்த 2,000 ரூபாய் ஞாபகம் வந்தது.

ஃபார்மட் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. வேலை செய்தது, அதுதான் ஆபத்து. எது தப்பு என்று தெரியாமலே சரியாகிவிட்டதால் நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. காமர்ஸ் படிக்கிற நமக்கு இது புரியாமல் போகலாமா? டிரயல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை என்றால் லெட்ஜரைக் கொளுத்திவிட்டுப் புதிதாகவா எழுதுகிறோம்? எந்தப் பதிவு இடறுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடுகிறோம் இல்லையா? அந்தப் பொறுமையில் பாதியைப் பொட்டியிடமும் காட்டுவோம்.

அம்மா இப்போது மறுபடி நோட்டில்தான் எழுதுகிறார். நான் கேட்கவும் இல்லை.

டிஸ்கி: வைரஸ், டிஸ்க் பழுது என்றால் ஃபார்மட் தேவைப்படலாம். அப்போதும் டெஸ்க்டாப்பை முதலில் காப்பி எடுங்கள் சாமி!