சுமப்பவர் யார்? சுகிப்பவர் யார்?

வெளிநாட்டுச் சரக்கு வந்து குவிந்தால் உள்நாட்டுத் தொழில் உருப்படாது. ஆகவே எல்லையிலே சுங்கவரி எனும் சுவர் எழுப்புக என்கின்றனர். கேட்க இனிக்கும் வாதம்! பிழையென்று நாம் கூறவில்லை. நாம் கேட்பது ஒன்றுதான். அந்தச் சுவருக்குக் கல் சுமப்பவர் யார்? அதன் நிழலிலே இளைப்பாறுபவர் யார்? சுமப்பது ஒரு பகுதி, சுகிப்பது மற்றொரு பகுதி என்றாகிவிட்டால், எல்லையிலே எழுந்த சுவர் வீட்டின் நடுக்கூடத்திலும் எழுந்துவிடும்!

அமெரிக்க வரலாறு அதைத்தான் காட்டுகிறது. வடக்கே ஆலைகள் வளர்ந்தன; தெற்கே பருத்தி விளைந்தது. தெற்கத்திப் பண்ணையார் பிரிட்டனுக்குப் பருத்தி விற்றனர். அங்கிருந்து வரும் ஆலைச் சரக்கை வாங்கினர். 1828-ல் அமெரிக்க காங்கிரஸ் மன்றம் இறக்குமதி வரியை மிகக் கடுமையாக உயர்த்தியது. ஆலை முதலாளிக்கு ஆதாயம். தெற்குக்கோ, வாங்கும் பொருளின் விலை ஏறிற்று; பிரிட்டனின் சரக்கு விற்காவிட்டால் பருத்தி வாங்க அவர்களிடம் பணம் ஏது என்ற அச்சமும் பிறந்தது. 'அருவருப்பு வரி' என்றே ஏசினர். 100 பொதி பருத்தியில் 40 பொதி வரிக்கே போகிறது என்று முழங்கினார் தென் கரோலினாவின் மக்டஃபி. மிகைக் கணக்குத்தான். ஆனால் கணக்கு மிகையென்றால், கோபமும் பொய்யாகிவிடுமா?

வாக்கெடுத்தோம், வென்றோம் என்றனர் வரி வேண்டியோர். எண்ணிக்கையால் என்றென்றும் நீங்களே வென்றால் எமக்கு என்ன காப்பு என்று கேட்டது தெற்கு. 1816-ல் காப்பு வரியை ஆதரித்த கால்ஹூன், 1828-ல் துணைக் குடியரசுத் தலைவராக இருந்துகொண்டே, மத்தியச் சட்டத்தை மாநிலம் செல்லாததாக்கலாம் என்று தம் பெயர் வெளிப்படாமல் எழுதித் தந்தார். 1832 நவம்பரில் தென் கரோலினா துணிந்தது. 1833 பிப்ரவரி 1 முதல் அந்த வரி இங்கே செல்லாது என்றது! படைபலங்கொண்டு பிரிவது துரோகம் என எச்சரித்தார் குடியரசுத் தலைவர் ஜாக்சன். 1833 மார்ச் 2-ல், ஒரே நாளில், இரு சட்டங்களுக்கு ஒப்பம்! ஒன்று, படைகொண்டு வரி வசூலிக்க. மற்றொன்று, ஹென்றி கிளே கொணர்ந்தது. உயர்ந்த வரிகளைப் படிப்படியாக 1842-க்குள் 20 சதவீதத்துக்கு இறக்க. மோதல் தவிர்ந்தது. வடு?

மறைக்கக் கூடாத உண்மை ஒன்றுண்டு. உரிமை, உரிமை என்று முழங்கிய அதே பண்ணையார்கள், பருத்தி பறித்த கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தனர். 1860-ல் தென் கரோலினா பிரிந்தபோது முன்வைத்த காரணம் அடிமைமுறையே, வரி அல்ல. ஆனால் மாநிலம் மத்திய ஆட்சியை மீறலாம் என்ற வாதம் கூர்தீட்டப்பட்டது வரிச் சண்டையிலேதான். தீர்க்கப்படாத நியாயமான குறை, அநியாயக்காரன் கையிலே கேடயமாகும்! காப்பு வரியின் பெரிய ஆபத்து அதுவே.

ஆகவே, காப்பு வரி போடும் ஆட்சியாளர் தொழிலின் பெயரை மட்டும் கேட்டுக் களிக்க வேண்டாம். வரைபடத்தையும் விரித்துப் பார்க்கட்டும். எந்தப் பகுதி இழக்கிறதோ அதன் குரலை முதலில் கேட்கட்டும். ஆதாயத்தில் அதற்கும் பங்கு வைக்கட்டும். வாக்கெடுப்பில் வெல்வது எளிது. தோற்றவனும் இது நம் நாடு என்று நினைக்கும்படி வெல்வதன்றோ ஆட்சி!